சிறுகுடலில் ஒரு வாசல்

கதிர்,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சாதாரணமாகத்தான் கேட்டாய். "மம்மி, நேஹா நீச்சல் குளத்துல என் வயித்துத் தழும்பப் பாத்துட்டா. டைபாய்டு வந்து ஆபரேஷன் பண்ணாங்கன்னு சொன்னன். டைபாய்டுக்கு மாத்திரதான தருவாங்க, ஆபரேஷன் எதுக்குங்கறா. எனக்கே தெரியல. எதுக்கு மம்மி?" அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. நீ கேட்ட கேள்விக்கு இருபது வருஷமாக நான் பாதிப் பதில்தான் சொல்லி வந்திருக்கிறேன். அந்தப் பாதியையே திரும்பவும் சொல்ல இந்த முறை வாய் வரவில்லை. அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். உன்னோடு வாழப் போகிறவள் உன் உடம்பைப் பற்றிக் கேட்டால், முழுப் பதிலும் உன்னிடம் இருக்க வேண்டும்.

தமிழில் எழுதுகிறேன். லோதி ரோடு பள்ளியில் நீ ஐந்தாவது வரை படித்த தமிழ். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். பரவாயில்லை, மெதுவாகப் படி. இதையே இங்கிலீஷில் எழுத எனக்கு வரும். ஆனால் முப்பத்து மூன்று வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் நான். இங்கிலீஷில் எழுதினால் அது ஒரு கேஸ் ஷீட் மாதிரி ஆகிவிடும், என் தப்பு அதற்குள் பத்திரமாக ஒளிந்துகொள்ளும்.

அப்போது உனக்கு ஒன்பது வயது. லோதி ரோடு அரசுக் குடியிருப்பில் கீழ்த்தள வீடு. அப்பா ஆபீசுக்கு நடந்தே போய் வருவார். நான் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவேன். அங்கே எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் பிரிவில் டெக்னீஷியன். காலை ஏழு மணிக்கு வந்து சமைத்து, நீ பள்ளி விட்டு வந்ததும் சோறு போட்டு, நான் திரும்பும் வரை உன்னோடு இருந்தவள் அஞ்சலை. உனக்கு அவள் முகம் ஞாபகம் இருக்கும். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்குப் புருஷனோடு டெல்லி வந்து, பிறகு வீட்டு வேலைக்கு மாறியவள். எங்கள் குடியிருப்பிலேயே இன்னும் நாலு வீடுகளில் வேலை செய்தாள். நீ பேசுவது எங்கள் திருநெல்வேலித் தமிழ் இல்லை, கவனித்திருக்கிறாயா? "வர்றன்", "சொன்னன்", "வூடு" என்றுதான் இன்றைக்கும் உனக்கு வருகிறது. அது அஞ்சலையின் தமிழ். நாங்கள் இரண்டு பேரும் வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தபோது உனக்குப் பேச்சுக் கொடுத்தவள் அவள்.

அந்த வருஷம் மழை முடிகிற சமயத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவளுக்கு வரக்கூடிய திமிர் எனக்கு இருந்தது. நானே மாத்திரை கொடுத்தேன். நாலைந்து நாள் கழித்து, கூட வேலை பார்த்த ஒருவரிடம் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்தேன். காய்ச்சல் இறங்கியது. இறங்கியதும் நிறுத்தினேன். மறுபடி ஏறியது. "டாக்டர்ட்ட காட்டிருவோமா?" என்று அப்பா இரண்டு தடவை கேட்டார். "நான் எங்க வேலை பாக்கேன்னு மறந்துட்டீங்களா?" என்றேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை. அவர் பேசாததை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும்: கூட இருப்பவர் இரண்டாவது முறையாக ஒன்றைக் கேட்டால், அவருக்கு உன்னைவிடக் குறைவாகத் தெரியும் என்றாலும், எழுந்து போய்ப் பார்.

மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை பகல். நான் வேலையில் இருந்தேன். லேப் போனில் அஞ்சலை. "அக்கா, புள்ள வயித்த வலிக்குதுன்னு சுருண்டுக்கிச்சு. தொட்டுப் பாத்தன். பலகையாட்டம் இருக்குது. நீங்க வர்ற வரைக்கும் தாங்காது. நான் தூக்கிக்கினு வர்றன்." நான் ஏதோ சொல்வதற்குள் வைத்துவிட்டாள். முக்கால் மணி நேரத்தில் அவசரப் பிரிவு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. உன்னை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அவள் புடவை முழுக்க நீ எடுத்த வாந்தி. "பையா, ஜல்தி, ஜல்தி" என்று வார்டு பையன்களைப் பார்த்துக் கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள். நான் அவள் பின்னால் ஓடினேன்.

டைபாய்டு உன் சிறுகுடலில் ஓட்டை போட்டிருந்தது. உன்னைப் பார்த்த இளம் டாக்டர், உடனே வயிற்றைத் திறக்க வேண்டும் என்றார். ஒரு நாள் தள்ளிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை. எனக்குச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. ஓட்டை விழுந்த இடத்தோடு நாலு விரல் நீளத்துக்குக் குடலை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். உன் தழும்பு அதற்கானது. நேஹாவுக்கு இதுவரைக்கும் சொன்னாலே போதும். ஆனால் நான் சொல்ல வந்தது இனிமேல்தான்.

இரண்டு நாள் கழித்து, நீ கண் விழித்த பிறகு, அந்த டாக்டர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வெளியில் என்ன சாப்பிட்டான், வீட்டில் யார் சமைக்கிறார்கள். "சமைக்கிறவங்களையும் ஒரு டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க" என்றார். சில பேர் உடம்பில் டைபாய்டு கிருமி தங்கி, அவர்களுக்கு ஒன்றும் செய்யாமல், அவர்கள் கை வழியாக மற்றவர்களுக்குப் போகும். அதற்காகக் கேட்டார். இரண்டு நாளாக என் நெஞ்சில் ஒரு பாரம் இருந்தது, கதிர். பிள்ளையைக் கவனிக்காமல் விட்டது நான்தான் என்ற பாரம். அதை இறக்கி வைக்க அந்த நிமிஷம் ஓர் இடம் கிடைத்தது. அஞ்சலைக்கு முந்தின வருஷம் பத்து நாள் காய்ச்சல் இருந்தது நினைவுக்கு வந்தது. அவ்வளவு போதுமாக இருந்தது எனக்கு.

அஞ்சலை டெஸ்டுக்குக் கொடுத்துவிட்டு, உனக்குத் துவைத்த துணிகளோடு ஆஸ்பத்திரி மரத்தடியில் காத்திருந்தாள். "ரிப்போர்ட்டு எப்பக்கா வரும்?" என்றாள்.

"வரட்டும், வராமப் போகட்டும். நீ இனிமே வீட்டுக்கு வர வேண்டாம்."

அவளுக்குப் புரியவில்லை. "நான் இன்னா பண்ணன்?"

"உன் கையிலருந்துதான் என் பிள்ளைக்கு வந்திருக்கு."

அழுவாள், சண்டை போடுவாள் என்று நினைத்தேன். "புள்ளைய ஒருவாட்டி பாத்துட்டுப் போறன்" என்றாள். வேண்டாம் என்றேன். துணிப் பையை என் காலடியில் வைத்துவிட்டுப் போனாள். அன்று சாயங்காலம் நீ கேட்டாய், "அஞ்சலக்கா எங்க?" என்று. ஊருக்குப் போய்விட்டாள் என்றேன். அது பொய். இத்தனை வருஷமாக நீ நம்பிக்கொண்டிருக்கிற பொய்.

நாலு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. அவளிடம் கிருமி இல்லை. ஒரு தடவை பார்த்தால் போதாது, சில சமயம் தப்பிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அதை மடித்துக் கைப்பையில் வைத்தேன். நீ வீடு திரும்பிய மாதமே மாடி வீட்டுப் பெண்ணுக்கும் பக்கத்து பிளாக் பையனுக்கும் டைபாய்டு. பிளம்பர் வந்து தோண்டினான். குடிதண்ணீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் ஒரே பள்ளத்தில் கிடந்தன, இரண்டும் அரித்துப் போயிருந்தன. நான் நின்று பார்த்தேன். அதற்குள் அஞ்சலை வேலை செய்த நாலு வீட்டிலும் நான் பேசியிருந்தேன். "பாத்துக்கோங்க" என்று மட்டும்தான் சொன்னேன். நாலு வீட்டிலும் அவளை நிறுத்திவிட்டார்கள். குழாய் அரித்தது தெரிந்த பிறகு நான் எந்த வீட்டுக்கும் மறுபடி போய்ச் சொல்லவில்லை. என்ன என்று சொல்வது? நாட்கள் ஓடின. ஓட ஓட, சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

உன்னிடமிருந்து எடுத்த குடல் துண்டு எங்கள் ஆஸ்பத்திரியின் நோய்க்கூறியல் பிரிவுக்குத்தான் வந்தது. அங்கே மூத்த டாக்டர் ஒரு அம்மாள். மேடம் என்போம். ஸ்லைடைக் காட்டச் சொல்லி அவரிடம் போய் நின்றேன். "நீ அம்மா. இதைப் பார்க்காதே" என்று ஹிந்தியில் சொன்னார். பிடிவாதமாக நின்றதும் நாற்காலியை விட்டுக் கொடுத்தார். குடலின் உள்பக்கம் ரோஜா நிறத்தில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருந்தது. நடுவில் ஓர் இடத்தில் விரல்கள் இல்லை. அங்கே ஊதா நிறத்தில் பொட்டுப் பொட்டாக ஆயிரக்கணக்கான வெள்ளையணுக்கள், திருவிழாக் கூட்டம் போல நெருக்கியடித்துக்கொண்டு. அந்தக் கூட்டத்தின் நடுவில்தான் ஓட்டை. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் இப்படிப்பட்ட திட்டுகள் எல்லோருக்கும் உண்டு, நிணநீர்த் திட்டுகள், டைபாய்டு எப்போதும் இந்த வழியாகத்தான் நுழையும் என்றார் மேடம். உடம்பின் காவலர்களே குவிந்து நிற்கிற இடத்தைப் பார்த்தா நுழையும் என்று அப்போது நான் கேட்கவில்லை. யார் கொண்டு வந்தது என்பதிலேயே என் மனசு நின்றுவிட்டது.

அதற்கப்புறம் உன்னை நான் வளர்த்த விதம் உனக்கே தெரியும். இருபது நிமிஷம் கொதித்த தண்ணீர். தெருக்கடைக் கோல்கப்பா கிடையாது, சாட் கிடையாது, சிநேகிதன் வீட்டில் ஒரு வாய் சாப்பாடு கிடையாது. பள்ளியில் ஆக்ரா கூட்டிப் போனபோது உன்னை மட்டும் அனுப்பவில்லை. புனேயில் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன முதல் மூன்று மாதமும் உனக்கு வயிறு சரியில்லாமல் போனதற்கு ஹாஸ்டல் சமையலைத் திட்டினேன். எல்லாவற்றையும் மூடி மூடி வளர்த்த என்னைத் திட்டியிருக்க வேண்டும். அந்த வருஷங்களுக்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பயத்தைப் பாசம் என்று சொல்லி உனக்கு ஊட்டிவிட்டேன்.

நீ புனேயில் இருந்த இரண்டாவது வருஷம் எங்கள் பிரிவுக்கு மணிப்பூரிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தாள். எலிகளுக்குக் கண்ணுக்கே தெரியாத சின்னஞ்சிறு பிளாஸ்டிக் மணிகளைக் கரைசலில் குடிக்க வைத்து, அவை குடலிலிருந்து உடம்புக்குள் எந்த வழியாகப் போகின்றன என்று பார்ப்பது அவள் வேலை. வெட்டுவது என் வேலை. குடல் துண்டைப் பிசினில் உறைய வைத்து, வைரக் கத்தியால் சீவ வேண்டும். ஒரு காகிதத்தின் தடிமனை ஆயிரம் பங்கு வைத்தால் அதில் ஒன்றைவிட மெலிசு. கத்தியின் பின்னால் இருக்கும் துளித் தண்ணீரில் அந்தச் சீவல்கள் வெள்ளி நிறத்தில் மிதக்கும். விரலால் தொட முடியாது. ஒரு குச்சி நுனியில் கண்ணிமை முடி ஒன்றை ஒட்டி, அதனால் ஓரமாகத் தள்ளித் தள்ளிச் செப்புச் சல்லடையில் ஏற்ற வேண்டும். அந்த முடி பல வருஷம் உன் இமை முடியாகத்தான் இருந்தது. தலையணையில் உதிர்ந்தால் எடுத்து வைத்துக்கொள்வேன். சின்னப் பிள்ளைகளின் இமை நீளம், வளைவும் நன்றாக இருக்கும்.

வாரக்கணக்காக வெட்டினோம். அவள் தேடிய செல் கிடைக்கவில்லை. அதற்கு எம் செல் என்று பெயர். மேற்பரப்பில் நுண்ணிய மடிப்புகள், இங்கிலீஷில் மைக்ரோஃபோல்ட், இருப்பதால் அந்தப் பெயர். நிணநீர்த் திட்டுகளைப் போர்த்தியிருக்கும் செல்களுக்கு நடுவே அங்கொன்று இங்கொன்றாகத்தான் இருக்கும். ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, இருட்டறையில் மைக்ராஸ்கோப்பில் ஏற்றிய சல்லடையை நான் மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "ருகோ தீதி, ருகோ! ஹிலாவோ மத்!" அசைக்காதே என்கிறாள். என் கை அப்படியே நின்றது.

பச்சை ஒளித் திரையில் நான் கண்டதை உனக்கு எப்படிச் சொல்வேன். இரண்டு பக்கமும் சாதாரணக் குடல் செல்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஆயிரக்கணக்கான நுண்ணிய விரல்கள், பிரஷ் மாதிரி அடர்த்தியாக, ஒரே உயரத்தில், எதுவும் தொட்டுவிட முடியாதபடி. உலகத்தில் இவ்வளவு ஒழுங்கான சுவரை நான் பார்த்ததில்லை. நடுவில் சட்டென்று அந்த விரல்கள் நின்றுவிட்டன. அங்கே ஒரு செல், வெற்றிலை மாதிரி மெலிசாகத் தன்னை விரித்துக்கொண்டு. தலையில் விரல்கள் இல்லை. சில குட்டை மடிப்புகள் மட்டும். அதன் அடிப்பக்கம் குடைந்து எடுத்தது போல ஒரு பெரிய குழிவு. அந்தக் குழிவுக்குள் மூன்று வெள்ளையணுக்கள் உட்கார்ந்திருந்தன. ஒரு செல்லின் வயிற்றுக்குள் மூன்று வேறு செல்கள், விருந்தாளிகள் மாதிரி! மேலே குடலின் வெளி, கீழே அந்த மூன்று பேர். இடையில் இருந்த அந்த மெல்லிய திரையில் ஒரு குமிழி. குமிழிக்குள் உருண்டையாக, முழுசாக, எங்கள் பிளாஸ்டிக் மணி. பாதி வழியில் இருந்தது. மேலிருந்து வாங்கிக்கொண்டு, கீழே கொடுக்கப் போகிற அந்தச் சமயத்தில் அதை நிறுத்திப் பிடித்திருந்தோம்.

வெளியிலிருந்து எது வந்தாலும் உடைத்துச் செரிப்பதுதான் குடலின் வேலை என்று நினைத்திருந்தேன். இந்த ஒரு செல் செரிப்பதில்லை. வந்ததை, அது வந்த முகத்தோடேயே கொண்டுபோய்க் காவலர்கள் கையில் கொடுக்கிறது. அவர்கள் அதைப் பார்க்கிறார்கள், படிக்கிறார்கள். படித்தவர்கள் ரத்தத்தில் ஏறி, உடம்பைச் சுற்றி, மறுபடி குடலுக்கே திரும்பி, அதன் நீளம் முழுக்கப் பரவி நிற்கிறார்கள். அடுத்த முறை அதே ஆள் வந்தால் பிடிக்கத் தெரியும். ஒன்றும் செய்யாத ஆளாக இருந்தால் சும்மா விடவும் தெரியும். நாம் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டு சீரியல் பார்க்கும்போதும் இது நடக்கிறது. பட்டாம்பூச்சி பிடிக்கிற குழந்தையை விடவும் பொறுமையாக நடக்கிறது.

"இவ்ளோ பெரிய சுவத்தக் கட்டிட்டு, இங்க மட்டும் ஏன் திறந்து வச்சிருக்கு?" என்று அவளிடம் கேட்டேன், எனக்குத் தெரிந்த ஹிந்தியில். "டைபாய்டும் இந்த வழியாத்தானே வருது?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "பந்த் கர் தேகா தோ ஸீக்கேகா கைஸே, தீதி?" மூடிவிட்டால் எப்படிக் கற்றுக்கொள்ளும்?

கோயிலில்கூட எனக்கு அப்படிக் கை தானாகக் குவிந்ததில்லை. பிறகு அவள் இன்னொன்றும் சொன்னாள். அந்தத் திட்டுகளில் பாடம் படித்த செல்களில் சில, பிள்ளை பெற்றவளின் மார்புக்கும் போகுமாம். அவள் எந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தாளோ, எந்தக் காற்றின் தூசியை விழுங்கினாளோ, அதற்கான காவலைப் பாலில் கலந்து கொடுக்குமாம். உன்னைப் பெற்றபோது நான் டெல்லிக்கு வந்து ஒன்றரை வருஷம்தான். ஹிந்தி தெரியாது, பஸ் நம்பர் தெரியாது, பிடிக்கவே பிடிக்காத ஊர். எனக்குத் தெரியாமலேயே என் குடல் இந்த ஊரைக் கற்று, அதை உனக்கு ஊட்டியிருக்கிறது. நான் பால் மட்டும்தான் கொடுத்தேன் என்று நினைத்திருந்தேன். இன்னொன்று கேள். அந்தச் சுவரில் இருக்கும் செல்கள் எல்லாம் சில நாட்களில் உதிர்ந்து, புதிதாக முளைப்பவை. உன் ஒன்பது வயதுக் குடலின் சுவர் எப்போதோ போய்விட்டது. ஆனால் படித்த பாடம் போகவில்லை. ஆள் மாற மாறக் கை மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறது.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது அஞ்சலை ஞாபகம் வந்தது. எம் செல்லுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவள்மேல் தப்பில்லை என்று எனக்குப் பத்து வருஷமாகவே தெரியும். ஆனால் அவ்வளவு பெரிய ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த மனசில், என் மானத்தைக் காப்பாற்ற நான் மடித்து வைத்திருந்த அந்தக் காகிதம் ரொம்ப அசிங்கமாக இருந்தது.

தேடிக் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது. அவள் இருந்த குடிசைகளை எடுத்துவிட்டிருந்தார்கள். காய்கறிக்காரர் ஒருவர் சொல்லித் தெரிந்தது, முனிர்காவில் மெஸ் நடத்துகிறாள் என்று. சந்துக்குள் சந்து, மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, நாலு பெஞ்சு. யுனிவர்சிட்டியில் படிக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் சாம்பார் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. "வாங்க மேடம்" என்றாள். அக்கா இல்லை, மேடம். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு எதிரே நின்றாள். நான் என்ன செய்கிறேன் என்று பார்த்தாள். முழுசாகக் குடித்தேன்.

ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்: குழாய், மாடி வீட்டுப் பெண், நான் வாயைத் திறக்காமல் இருந்தது, அவள் ஊருக்குப் போய்விட்டாள் என்று உன்னிடம் சொன்ன பொய்.

"புள்ள நல்லாருக்குதா?" என்று முதலில் கேட்டாள். நன்றாக இருக்கிறான், புனேயில் படிக்கிறான் என்றேன். தலையை ஆட்டினாள். பிறகுதான் பேசினாள்.

"நாலு வூடும் ஒரே வாரத்துல போச்சு மேடம். எந்தக் கேட்டுல போயி நின்னாலும் டைபாய்டுவாலி, டைபாய்டுக்காரின்னு சொல்லி வாட்ச்மேன் உள்ள வுட மாட்டான். எம் பொண்ணு ஏழாவதோட நின்னுச்சு, என்கூடப் பாத்திரம் தேய்க்க வந்துச்சு. இந்தப் பேப்பர வச்சி நான் இன்னா பண்றது? எனக்குப் படிக்கவே தெரியாது."

"நான் என்ன செய்யணும், சொல்லு அஞ்சலை."

"அன்னிக்கு நாலு வூட்ல சொன்னீங்க இல்ல? அந்த நாலு வூட்லயும் சொல்லுங்க. நானும் வர்றன். எம் மூஞ்சிக்கு எதுக்க சொல்லுங்க."

போனோம். அப்பாவும் கூட வந்தார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் வந்தார். நாலு வீட்டில் ஒரு அம்மாள் இறந்துபோயிருந்தார். ஒரு குடும்பம் மாற்றலாகி வேறு ஊருக்குப் போயிருந்தது. அவர்களுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துச் சொன்னேன். ஒரு வீட்டில், "இதெல்லாம் இப்ப எதுக்கு? விடுங்க" என்றார்கள். விடவில்லை, முழுசாகச் சொல்லி முடித்தேன். கடைசி வீட்டில் கதவைத் திறந்த பஞ்சாபி அம்மாள், நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அஞ்சலையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அஞ்சலை அழவில்லை. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, "டீக் ஹை ஆன்ட்டிஜி", பரவாயில்லை, என்றாள். வெளியே வந்ததும் என்னிடம், "மெஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லி பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அவள் என்னை மன்னித்துவிட்டாளா என்று நீ கேட்பாய். தெரியாது. நான் கேட்டதில்லை. அதற்கு அப்புறம் வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை முனிர்கா போய் அங்கே சாப்பிட்டு வருவேன். பேசுவாள், மேடம் என்றே பேசுவாள். அவள் மகள் பிறகு திறந்தவெளிப் பள்ளியில் சேர்ந்து பன்னிரண்டாவது முடித்தாள், இப்போது மெஸ்ஸின் ஆன்லைன் ஆர்டரெல்லாம் அவள்தான் பார்க்கிறாள். அதில் என் பங்கு எதுவும் இல்லை. அவர்களாகவே செய்துகொண்டது. உன்னிடம் மட்டும் இதுவரைக்கும் சொல்லாமல் இருந்துவிட்டேன். நாலு வீட்டில் சொல்ல முடிந்தவளுக்குப் பெற்ற பிள்ளையிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

நேஹாவோடு நீ வாழப் போகிற வீட்டில் பயம் வராமல் இருக்காது. குழந்தைக்குக் காய்ச்சல் வரும், வேலை போகும், ஏதாவது வரும். பயம் வந்ததும் மனசு முதலில் தேடுவது மருந்தை இல்லை, யார் மேல் பழி போடலாம் என்றுதான் தேடும். அந்த ஒரு நிமிஷத்தை இரண்டு பேரும் சேர்ந்து கடந்துவிடுங்கள். அதற்கு மேல் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், அது சரிதான். ஆனால் யார் வீட்டிலாவது அன்போடு கொடுத்தால், அதையும் குடியுங்கள்.

நேற்று கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு முனிர்கா போனேன். அஞ்சலை கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். உன் பேர் எங்கே இருக்கிறது என்று கேட்டாள், காட்டினேன். அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பத்திரிகையை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"நீங்க கூப்ட்டு நான் வர மாட்டன் மேடம். ஊருக்குப் போயிட்டன்னுதான புள்ளைக்குச் சொல்லி வச்சிருக்கீங்க? உண்மையச் சொல்லுங்க. சொன்னப்புறம் அதுவே கூப்புடட்டும். அது கூப்ட்டா வர்றன்."

அதனால்தான் இன்றைக்கே இதை எழுதி முடித்தேன். அவள் நம்பரை உனக்கு அனுப்பியிருக்கிறேன். மத்தியானம் நாலு மணிக்கு மேல் கூட்டம் இருக்காது, அப்போது எடுப்பாள். அவள் தமிழிலேயே பேசு.

அம்மா